சங்கரா போட்ட நண்டு வேஷம்

கருப்புத் தட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு சோற்று உருண்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைத் துண்டு படுத்திருந்தது. மேல் பக்கம் மட்டும் குங்குமச் சிவப்பு. துண்டு நழுவாமலிருக்க, இடுப்புக்கு பெல்ட் போட்டதுபோல் கடற்பாசிப் பட்டை ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். மெனுவில் 'கிராப் நிகிரி' என்று இருந்தது. இரண்டு துண்டு 460 ரூபாய், வரி தனி.

மகளுக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்திருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் ஜப்பான் சாப்பாடு, ஜப்பான் சாப்பாடு என்று பேசிப் பேசி அவளுக்கு ஆசையைக் கிளப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாத்தூரிலிருந்து வண்டி பிடித்து, மணலி ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவில் ஊர்ந்து, நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். நான், மனைவி, மகள், மாமியார் என்று நாலு பேர். மாமியாரை வீட்டில் எல்லோருக்குமே ஆயா என்றுதான் பழக்கம். காசிமேட்டில் நாற்பது வருஷம் கூடை வைத்து மீன் விற்றவர்.

ஆயா அந்தச் சிவப்புத் துண்டை உருவி எடுத்து விரலால் பிரித்தார். வெங்காயச் சருகுபோல் ஒரு ஏடு கழன்று வந்தது. உள்ளே நூல் நூலாக, தறியிலிருந்து அறுத்தெடுத்த பாவுபோல் ஒரே சீராக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாடி கண்ணு, நண்டுன்னு சொன்னே? நண்டு வாசமே காணோம். மீன் வாசமும் இல்ல."

"சாப்ட்டுப் பாரு ஆயா."

போட்டு மென்றார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "சக்கரத் தண்ணில ஊற வெச்ச ரப்பரு மாதிரி கீது மாப்ள."

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூப் ஆறியிருந்தது. சோறு ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததென்று பல் சொன்னது. ஓரத்தில் வைத்திருந்த பச்சை உருண்டை வசாபி என்றார்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலான உணவகங்களில் வசாபி என்று வைப்பது குதிரைமுள்ளங்கித் தூளும் கடுகும் பச்சை நிறமும் கலந்த பசைதான். அசல் வசாபி என்பது ஓடைத் தண்ணீரில் வளரும் ஒரு கிழங்குத் தண்டு. துருவிய கொஞ்ச நேரத்திலேயே காரம் இறங்கிவிடும், அதனால் அப்போதைக்கப்போது துருவித்தான் போட வேண்டும். எங்களுக்கு வந்தது பசை. மூக்கில் ஏறியதென்னவோ நிஜம்தான். ஆயா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முதல் சம்பளம்.

இது நண்டுதானா என்று பரிமாறிய பையனிடம் அவள் கேட்டாள். உள்ளே போய் வந்தவன் 'கிராப் ஸ்டிக்' என்றான். பாக்கெட்டைப் பார்க்கலாமா என்றாள். நல்ல பையன், முகம் சுளிக்காமல் கொண்டு வந்து காட்டினான். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பாக்கெட் என் கைக்கு வந்துவிட்டது. இருபது வருஷமாக கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவனிடம் வெளிநாட்டுப் பாக்கெட்டைக் கொடுத்தால் அவன் முதலில் லேபிளைத்தான் படிப்பான். தயாரித்த நாடு தாய்லாந்து. மைனஸ் 18-ல் வைக்கவும். இறக்குமதி செய்தவரின் ஸ்டிக்கர். அதற்குக் கீழே கொசுவளவு எழுத்தில் பொருள்களின் வரிசை: மீன் சதை, தண்ணீர், கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, உப்பு, நண்டுச் சுவையூட்டி, நிறமி. மீன் சதைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு லத்தீன் பெயர்: நெமிப்டெரஸ்.

வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடினேன். படம் வந்தது. ஃபோனை ஆயாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"இது சங்கராடா!"

*

சங்கரா வடசென்னையின் வார நாள் மீன். வஞ்சிரம் விருந்தாளிக்கு, வவ்வால் சம்பள நாளுக்கு, சங்கரா செவ்வாய்க்கிழமைக்கு. கையகலம், கொஞ்சம் பெரிதானால் ஒரு சாண். முதுகு ரோஜா நிறம், வயிறு வெள்ளி, உடம்பு நெடுக இளமஞ்சள் கோடுகள் ஓடும். வால் இரண்டாகப் பிளந்திருக்கும். மேல் பிளவின் நுனியிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் நீண்டிருக்கும். தலைக்குப் பின்னால், பக்கக்கோடு தொடங்குகிற இடத்தில், சிவந்த மஞ்சளில் ஒரு திட்டு. ஏசி போட்ட மீன் கடைகளில் இதன்மேல் 'ரெட் ஸ்னாப்பர்' என்று அட்டை குத்தி வைத்திருப்பார்கள். அது வேறு குடும்பம், வேறு மீன். நம் ஊரில் சங்கராவுக்கு வேஷம் கட்டுவது ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தொடங்கியாயிற்று.

கேரளத்தில் இது கிளிமீன், மகாராஷ்டிரத்தில் ராணி. ஜப்பானில் இதன் இனத்துக்கு இதோயொரி என்று பெயர். 'இதோ' என்றால் நூல், 'யொரி' என்றால் முறுக்கு. உடம்பில் ஓடும் பொன் கோடுகளுக்காக வந்த பெயர் என்பார்கள். அறிவியல் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கம் கிடைக்கும் முக்கியமான சங்கராவின் முழுப்பெயர் நெமிப்டெரஸ் ஜப்பானிகஸ். அந்த 'ஜப்பானிகஸ்' பெர்லினில் மருத்துவராக இருந்த பிளாக் என்பவர் 1791-ல் வைத்தது. இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் விரிந்து வாழ்கிற மீனுக்கு, ஜப்பான் உணவகத்தின் தட்டில் ஏறுவதற்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்னாலேயே அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சங்கரா தரையோடு தரையாக வாழும் மீன். சேறும் மணலும் கலந்த அடித்தளத்தில் சின்ன மீன், கணவாய், இறால், குட்டி நண்டு எல்லாவற்றையும் தின்னும். நண்டு தின்கிற மீனைத்தான் நண்டாக்கியிருக்கிறார்கள்.

அடித்தளத்தில் இருப்பதால் இழுவலைக்குத் தப்பாது. விசைப்படகு பின்னால் இழுத்துப் போகும் பை போன்ற வலையில் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தப் படகுகளுக்குத் தடை. மற்ற நாட்களில் காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஆயா சங்கரா வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் வாலைத்தான் பார்ப்பார். நூல் அறுந்திருந்தால் அந்த மீன் ஐஸ் பெட்டியில் நாலு நாள் நசுங்கிக் கிடந்தது என்பது அவர் கணக்கு. புத்தகத்தில் அப்படி எங்கும் நான் படித்ததில்லை. ஆனால் அவர் வாங்கி வந்த சங்கரா குழம்பில் உடைந்ததையும் நான் பார்த்ததில்லை.

காசிமேட்டுச் சங்கரா பெரும்பாலும் காசிமேட்டைச் சுற்றியுள்ள சட்டிகளில்தான் முடியும். நண்டாகிற யோகம் மேற்குக் கடல் உறவினர்களுக்குத்தான். குஜராத்திலிருந்து கேரளம் வரைக்கும் அந்தக் கரையில் 1990-களிலிருந்து இதற்கென்றே ஆலைகள் வந்தன. ஆகவே நம் கதாநாயகன் அரபிக்கடலில் பிறந்த ஒரு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்வோம். வாழ்க்கையில் அவன் நன்றாக இருந்தது வலைக்குள் போகும்வரைதான்.

*

ஆலையில் முதலில் தலை போகும், குடல் போகும். பிறகு ஒரு ரப்பர் பட்டைக்கும் துளை போட்ட உருளைக்கும் நடுவில் மீனை நசுக்குவார்கள். சதை துளை வழியாக உள்ளே பிதுங்கும். தோலும் முள்ளும் வெளியே நிற்கும். அந்தச் சதையை ஐஸ் தண்ணீரில் கழுவுவார்கள். ஒரு முறை, இரண்டு முறை, சமயத்தில் மூன்று முறை.

இந்தக் கழுவலில்தான் இருக்கிறது சூட்சுமம். ஆயாவும் மூன்று தண்ணீர்தான் கழுவுவார். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மண்சட்டியில் உரசி, செதிலும் ரத்தமும் போகும்வரை. அவர் கழுவுவது மீன் மீனாக இருக்க. ஆலையில் கழுவுவது அதிலுள்ள மீன்தன்மையைக் கழற்ற. ரத்தம், கொழுப்பு, வாசனை, நிறம், தண்ணீரில் கரையும் புரதங்கள் எல்லாம் சாக்கடைக்குப் போகும். மிஞ்சுவது தசையிலுள்ள நார்ப்புரதம் மட்டும். அதைத் திருகு அச்சில் பிழிந்தால் ஈர மாவுபோல் வெளுப்பாக ஒன்று வரும். ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் சுரிமி. அரைத்த சதை என்பதற்கு மேல் பெரிய அர்த்தமில்லை. 100 கிலோ மீன் போட்டால் சுரிமி ஏறக்குறைய கால் பங்குதான் தேறும். தலையும் முள்ளும் தூளாகி இறால் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகும். மீனை நண்டாக்குகிற அதே இடத்தில் மிச்சத்தை இறாலாகவும் ஆக்கிவிடுகிறார்கள் என்று சொல்லலாம்.

ஜப்பானில் இது புதுசு கிடையாது. மீன் சதையை அரைத்து வேகவைத்துச் செய்கிற கமபோகோ அங்கே பழைய பண்டம். 1115-ஆம் ஆண்டு நடந்த ஒரு விருந்தைப் பற்றிய குறிப்பில் அதன் பெயர் இருக்கிறது. அந்த வருஷ எண்ணை வைத்தே நவம்பர் 15-ஐ கமபோகோ நாள் என்று கொண்டாடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் அன்றன்றைக்குப் பிடித்த மீனை அன்றன்றைக்கு அரைத்து விற்ற வேலை அது. நம் பக்கத்து மீன் புட்டு மாதிரி வீட்டோடும் தெருவோடும் நின்றுபோயிருக்க வேண்டியது.

அதை உலகத்துக்குக் கொண்டுபோனது சர்க்கரை. அரைத்த மீனை உறைய வைத்தால் புரதம் கெட்டு, பிறகு வேகவைக்கும்போது சவக்கென்று ஆகிவிடும், இழுவை வராது. 1960 வாக்கில் ஹொக்கைடோ தீவின் மீன்வள ஆய்வாளர்கள், கழுவிப் பிழிந்த சதையில் சர்க்கரை சேர்த்து உறைய வைத்தால் புரதம் மாதக்கணக்கில் அப்படியே இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கடலில் மலைமலையாகக் கிடைத்தும் சீக்கிரம் கெட்டுப்போனதால் விலை போகாமல் கிடந்த அலாஸ்கா பொல்லாக் என்ற மீனுக்கு அதனால் வாழ்வு வந்தது. ஆயா சொன்ன 'சக்கரத் தண்ணி' சரிதான். இன்றும் சர்க்கரையும் சார்பிட்டாலும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீதம் போட்டு, 10 கிலோக் கட்டிகளாகத்தான் உறைய வைக்கிறார்கள். நாற்பது வருஷம் மீன் விற்ற நாக்கு அதைச் சட்டென்று பிடித்துவிட்டது.

1977-ல் கடல் சட்டம் மாறியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை எங்கள் எல்லை என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கோடு போட்டன. பொல்லாக் பிடித்த கடல் ஜப்பானுக்குச் சுருங்கிப்போனது. வேறு மீன் தேட வேண்டிய நெருக்கடி. வெள்ளைச் சதை, மலிவு விலை, இழுவை வரும் புரதம் மூன்றும் ஒரே மீனில் வேண்டும். வெப்பக் கடலில் அந்த மூன்றும் பொருந்தியது சங்கராவுக்குத்தான். தாய்லாந்தில் ஆலைகள் எழுந்தன, பிறகு இந்தியாவுக்கும் வந்தன. சுரிமி வியாபாரத்தில் இன்றைக்கும் சங்கராக் கட்டிக்கு 'இதோயொரி' என்றுதான் பெயர். இந்தியாவில் செய்த கட்டிகள் ஜப்பானுக்கும் போகின்றன, தாய்லாந்துக்கும் போகின்றன.

*

நண்டு வேஷம் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் நனாவோ என்ற ஊர். அங்கே சுகியோ என்ற கமபோகோ நிறுவனம். சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்த உலர்ந்த சொறிமீனுக்குத் தட்டுப்பாடு வரவே, செயற்கையாகச் சொறிமீன் செய்ய முயன்றார்கள். சரிப்பட்டு வரவில்லை. தோற்றுப்போன அந்தச் சோதனையில் மெல்லியதாக நறுக்கிய துண்டுகளை வாயில் போட்டபோது நண்டுக் கால் சதைபோல் இருந்தது. 1972-ல் அதை 'நண்டுக் கால்' என்று பொருள்படும் பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். இன்று குச்சி வடிவில் நாம் பார்ப்பது அடுத்த ஓரிரு வருஷங்களில் வந்தது. அதாவது, எங்கள் தட்டில் படுத்திருந்தது நண்டுபோல் நடித்த மீன் மட்டுமல்ல, சொறிமீனாக நடிக்கப் போய் வாய்ப்பு இழந்த நடிகரும்கூட.

ஜப்பானியர்மேல் எனக்கு இதில் கோபம் இல்லை. அங்கே பாக்கெட்டிலேயே இது நண்டு இல்லை என்று அச்சடித்து விற்கிற கம்பெனிகள் உண்டு. சாலட்டில் கிள்ளிப் போடுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் ஒன்று வைப்பார்கள். யாரும் அதை நண்டு என்று நம்பிச் சாப்பிடுவதில்லை. அப்பளத்தைப் பொரித்து வைத்துவிட்டு வறுவல் என்று பெயர் போட்டால் வருமே, அந்தக் கோபம்தான் எனக்கு. அதுவும் மெனு கார்டின்மேல் மட்டும்.

குச்சி செய்கிற ஆலைக்கு உறைந்த கட்டி வந்ததும், பாதி இளக விட்டு, உப்புப் போட்டு அரைப்பார்கள். உப்பு பட்டதும் நார்ப்புரதம் கரைந்து, பரோட்டா மாவு பிசைந்து பிசைந்து இழுவை கொடுப்பதுபோல் பிசுபிசுவென்று ஆகிவிடும். மாவுச்சத்து, வெள்ளைக்கரு, சுவையூட்டி சேரும். அந்தப் பசையை நகரும் தகட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். ஆவி பட்டதும் வெள்ளைத் துணிபோல் உறைந்து ஓடும். பல் பல்லாக இருக்கும் உருளை அதன்மேல் ஏறி, முழுக்க அறுத்துவிடாமல் நெடுகக் கீறும். கீறிய துணியைச் சுருட்டிக் கயிறாக்கி, வெளிப்பக்கம் சிவப்பு ஒட்டும்படி, சிவப்புப் பசை தடவிய மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அளந்து நறுக்குவார்கள். சிவப்பு சில ஆலைகளில் பாப்ரிகா மிளகாயிலிருந்து வரும், சிலவற்றில் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியை நசுக்கி எடுத்த கார்மைன். ஆயா பிரித்தெடுத்த நூல்கள் இப்படித்தான் வந்தவை. வாலில் ஒற்றை நூலோடு பிறந்த மீன், உடம்பெல்லாம் நூலாகி வெளியே வருகிறது.

*

இனி அது என் பக்கத்துக் கதை.

தாய்லாந்தில் ஏற்றிய வெள்ளை ரீஃபர் கன்டெய்னர், அதாவது குளிர்ப்பெட்டி, கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ இறங்கும். அங்கிருந்து டிரெய்லரில் ஏறி, ஜென்செட் உறும, எம்.எஃப்.எல் சந்திப்பையோ ஆண்டார்குப்பத்தையோ தாண்டி, மணலி, மாத்தூர், மாதவரம் சுற்றுவட்டாரத்திலுள்ள யார்டு ஒன்றுக்கு வரும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் தெரியும், இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களின் சிவப்பு விளக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வரிசை நகரும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த அதிர்வில் எத்தனை சங்கரா போயிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

யார்டுக்குள் வந்ததும் முதல் வேலை ப்ளக் போடுவது. எலக்ட்ரீஷியன் மூன்று ஃபேஸ் கேபிளை மாட்டினால் பெட்டி ஒருமுறை குலுங்கி, விசிறி சுற்றத் தொடங்கும். நெற்றியில் சின்னத் திரையில் மைனஸ் 18 என்று எரியும். ஷிப்டுக்கு ஷிப்டு அந்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். மே மாதம் மதியம் தார் உருகும்போது அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை கால்களைச் சுற்றிக்கொண்டு இறங்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து மாதிரி எடுத்துப் போவார். சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி நகரும். எல்லாம் முடிந்து 'அவுட் ஆஃப் சார்ஜ்' விழுந்தால் சின்ன ஃப்ரீசர் வண்டிகள் வந்து அட்டைப் பெட்டிகளை மாற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து குளிர் கிடங்கு, மொத்த வியாபாரி, உணவகத்துச் சமையலறை.

இதில் நான் மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. சுங்க அட்டவணையில் பக்குவப்படுத்திய மீனுக்கு 1604 என்ற தலைப்பு. பக்குவப்படுத்திய நண்டு, இறால் வகைகளுக்கு 1605. கிராப் ஸ்டிக் என்ன பெயரில் வந்தாலும், என்ன சிவப்பு பூசி வந்தாலும், அது 1604-ல்தான் வரும். மீன் மீன்தான், நண்டு நண்டுதான். எங்கள் யார்டு கேட்டைத் தாண்டும்வரை அது காகிதத்தில் மீனாகத்தான் இருந்தது. நண்டானது கடைசி இருபது கிலோமீட்டரில், மெனு கார்டு அச்சடித்த இடத்தில்.

அப்படியானால் நண்டு எங்கே போனது? ஆயா அன்று திரும்பி வரும்போது வண்டியில் கேட்ட கேள்வியே அதுதான். எங்களுக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. அதன் சேற்று நண்டு, கொடுக்கே கை கனத்துக்கு இருக்கும். பெரிய நண்டுகளின் கொடுக்கைச் சணலால் கட்டி, ஈரத்தோடு கூடையில் அடுக்கி, உயிரோடு விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். அங்கே மிளகாய்ச் சாற்றில் புரண்டு மேசைக்கு வரும். நம் நண்டு விமானத்தில் போகிறது, நண்டு வேஷம் போட்ட மீன் கப்பலில் வருகிறது. வியாபாரம் என்று பார்த்தால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் எங்கள் வீட்டு நாலு பேருக்கு மட்டும், மொத்தம் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

வாசனையைப் பற்றி ஆயா சொன்னதும் மனசில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எங்கள் பக்கம் மீன் என்றாலே எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். ஆழ்கடலில் பிடித்து வந்ததையும் அப்படித்தான். ஆயாவுக்குத் தெரிந்த கூடைக்காரப் பெண்கள் வெறும் ஐஸ் தண்ணீரோடு வீடு திரும்பினார்கள். மீனை நம்புவதற்கும் வாசனைதான், நம்பாமல் போவதற்கும் வாசனைதான். வாசனையே இல்லாத மீனை எதை வைத்து வாங்குவது என்பது அவர் சந்தேகம். லேபிளை வைத்து என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாதே மாப்ள" என்றார்.

*

போன ஞாயிற்றுக்கிழமை மகள் விடவில்லை. "நெஜ நண்டு வேணும் ஆயா, நீயே வாங்கினு வந்து ஆக்கணும்" என்றாள். இருட்டோடு ஆயா என் வண்டியில் பின்னால் ஏறினார். திருவொற்றியூர் வழியாகக் காசிமேடு. துறைமுகத்துக்குள் தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். ஏலக்காரரின் குரலுக்கு மேல் காக்கை சத்தம். ஆயாவை அடையாளம் கண்டு மூன்று பெண்கள் கூப்பிட்டார்கள்.

நண்டு இருந்தது. மூன்று புள்ளி நண்டு, நீலக்கால் நண்டு. ஆயா ஒன்றைத் தூக்கி வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது. இன்னொன்று, அதுவும் போனது. சதை இல்லை, தண்ணீர். நல்லதெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டது என்றாள் விற்ற அம்மா, ஒளிக்காமல். விலையைக் கேட்டுவிட்டு ஆயா நிமிர்ந்தார். நாலு தப்படி நடந்தார். தார்ப்பாயில் கூறு கூறாகச் சங்கரா. குனிந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். மஞ்சள் நூல் காற்றில் ஆடியது.

பத்து மணிக்கு மாத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் செதில் பறந்தது. மூன்று தண்ணீர். மண்சட்டியில் புளி கொதித்து, மாங்காய் இரண்டு கீற்று விழுந்து, கடைசியில் மீன். தெருமுனை வரை வாசனை போயிருக்கும். மகள் தூங்கி எழுந்து வந்து தட்டைப் பார்த்தாள்.

"நண்டு கேட்டேனே ஆயா."

ஆயா கரண்டியால் ஒரு முழு மீனை உடையாமல் எடுத்து அவள் சோற்றின்மேல் வைத்தார்.

"இதாண்டி அந்த நண்டு. சாப்புடு."